தலை குனிந்து எடுத்த அட்டெண்டன்ஸ்

போன மாதம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காது டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பதை நெருங்குகிற வயதில் காது மந்தமாவது பெரிய விஷயமில்லை. ஆனாலும் வீட்டில் எல்லோரும் என்னிடம் கத்திக் கத்திப் பேசுகிறார்கள், நான் அவர்களிடம் கோபித்துக்கொள்கிறேன் என்று ஆனபிறகு, போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன். டோக்கன் பதினேழு. கவுன்டரில் இருந்த இளம்பெண் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நம்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காது கேட்காதவர்கள் வந்து உட்காரும் இடத்தில் குரல் கொடுத்துக் கூப்பிடுகிறார்களே, இப்படியும் ஒரு கூத்து உண்டா என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் நம்பரே போய்விட்டது. எனக்குப் பின்னால் வந்த அம்மாள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்துபோய்க் கேட்டேன். "பதினேழு அப்பவே கூப்பிட்டேனே மேடம். நீங்க இல்லையே" என்றாள், அப்போதும் நிமிராமல். "நான் இங்கேதாம்மா இருந்தேன்" என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் வாக்கியம் இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவி என் மேஜைக்கு முன் நின்று, இதே வார்த்தைகளை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் நான் சரித்திர விரிவுரையாளர். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அதனாலோ என்னவோ, அந்தக் கல்லூரியிலேயே என்னைப் போல ஒழுங்கு பார்க்கிறவள் கிடையாது என்று பெயர் எடுத்திருந்தேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அதைப் பெருமை என்று நினைத்தேன். பி.யூ.சி., அதாவது எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டிகிரிக்கு முன்னால் படிக்கிற ஒரு வருட வகுப்பு, அதற்குத் தினமும் காலையில் முதல் மணி என்னுடையது. எண்பத்தெட்டுப் பெண்கள். இரண்டிரண்டு பேராக உட்காரும் டெஸ்க்குகள், நாலு வரிசை. யார் எங்கே வேண்டுமானாலும் உட்காருவது என்பதெல்லாம் என்னிடம் நடக்காது. நம்பர் வாரியாகத்தான் உட்கார வேண்டும். ஜன்னலோர வரிசையில் முதல் டெஸ்க்கிலிருந்து கடைசி டெஸ்க் வரைக்கும் ஒன்று முதல் இருபத்திரண்டு. அதற்குப் பக்கத்து வரிசை, என் மேஜைக்கு நேர் எதிரே, இருபத்து மூன்றிலும் இருபத்து நாலிலும் தொடங்கும். ஒருத்தி லீவ் போட்டால் அவள் இடம் காலியாகவே கிடக்கும், யாரும் நகர்ந்து உட்காரக் கூடாது. காலி இடத்தைப் பார்த்தே யார் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்பது என் வாதம். அப்படி வாதம் பேசிய நான் ஒரு நாளும் நிமிர்ந்து அந்த இடங்களைப் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

பார்க்காததற்குக் காரணம் இருந்தது. எண்பத்தெட்டு நம்பரையும் மூன்று நிமிடத்துக்குள் கூப்பிட்டு முடிப்பேன். ரிஜிஸ்தரில் வைத்த கண் வாங்காமல், "ட்வென்டி ஒன், ட்வென்டி டூ" என்று ஒரே மூச்சில் ஓடுவேன். எழுந்து நின்று "பிரசன்ட் மிஸ்" என்று சொல்ல வேண்டும். குரல் வந்தால் P, வராவிட்டால் A. தாமதமாகச் சொன்னால் அதுவும் A தான். போட்ட மை போட்டதுதான், அழிப்பதும் திருத்துவதும் கிடையாது. முதல் மணி என் கையில் இருந்ததால் நான் போடுகிற எழுத்துதான் ஆபீசுக்கும் போகும், காலை நேர வருகைக்கு அதுதான் கணக்கு. அட்டெண்டன்ஸ் முடிந்ததும் நோட்ஸ் கொடுக்க ஆரம்பிப்பேன். கையில் பழைய நோட்டை வைத்துக்கொண்டு, வரிசைகளுக்கு இடையே முன்னும் பின்னும் நடந்தபடி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவேன், பெண்கள் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். ரயில் போனால் மட்டும் நிறுத்துவேன். எங்கள் கல்லூரியில் அது பழக்கம். மின்சார ரயில் கடக்கிற அந்த அரை நிமிடம், பேசுகிற வாய் அப்படியே நிற்கும், போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். பிரின்சிபால்கூட அப்படித்தான்.

இருபத்து நாலாம் நம்பர் பெண்ணைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். பல்லாவரத்திலிருந்து வருகிறாள், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். இருபத்து மூன்றாம் நம்பர் அவளுடைய சிநேகிதி. அந்தப் பெண் நான் சொல்வதைக் கேட்டு எழுதுவாள், இவள் அதைப் பார்த்து எழுதுவாள். மந்தம், அல்லது சோம்பேறி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இரண்டு தடவை சத்தம் போட்டுக்கூட இருக்கிறேன். அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். எதிர்த்து முறைக்கிறாள் என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. பெயர் என்ன என்று கேட்டிருந்தால் அன்றைக்கு நான் ரிஜிஸ்தரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

தை பிறந்ததும் இருபத்து மூன்றுக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்தக் காலத்தில் பி.யூ.சி. வகுப்பில் தை மாதம் வந்தால் இரண்டு மூன்று இடம் காலியாவது சகஜம். மாப்பிள்ளை வெளியூர், பெண் படிப்பை விட்டுவிட்டாள். ரிஜிஸ்தரில் அவள் பெயர் மேல் கோடு போட்டேன். நம்பரை மாற்றவில்லை, இடத்தையும் நிரப்பவில்லை. வருடம் முடிகிற வரைக்கும் காலி காலிதான் என்பது என் சட்டம். மறுநாளிலிருந்து "ட்வென்டி டூ, ட்வென்டி ஃபோர்" என்று தாண்டிக் கூப்பிட்டேன். ட்வென்டி ஃபோரிடமிருந்து பதில் இல்லை. A போட்டேன். அடுத்த நாளும் இல்லை. ஒரு நாள் இருபத்தைந்து சொல்லி முடித்த பிறகு முன்னாலிருந்து ஒரு குரல் "பிரசன்ட் மிஸ்" என்றது. "லேட். உட்காரு" என்றேன், நிமிராமலே. இன்னொரு நாள் நான் இருபது சொல்லும்போதே அதே குரல் முந்திக்கொண்டது, வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு அந்தக் குரல் வரவே இல்லை. என் மூக்குக்கு நேரே, நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வாரக்கணக்கில் A போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த எண்பது பேரில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. என் வகுப்பில் வாய் திறந்தால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மார்ச் மாதம் வருகை குறைந்தவர்களின் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. டெர்முக்குத் தனித்தனியாகப் பார்ப்பார்கள். அதில் பெயர் வந்தால் ஹால் டிக்கெட் கிடையாது, பரீட்சை எழுத முடியாது, ஒரு வருடம் போச்சு. பட்டியலில் இருபத்து நாலும் இருந்தாள். அன்று மத்தியானம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். ஒல்லியான பெண், இரட்டைப் பின்னல், பாவாடை தாவணி. "மிஸ், நான் தினமும் வந்தேன்" என்றாள். குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக இருந்தது. மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "வந்தியா? எங்கே வந்தே? சினிமாக் கொட்டகைக்கா?" என்றேன். "நான் இங்கேதான் மிஸ் இருந்தேன்" என்றாள். "இருந்தா கூப்பிட்டப்போ என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பி, அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் என்னென்னவோ சொன்னேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் கண் நிறைந்து, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னதில் பாதி அவளைப் போய்ச் சேரவே இல்லை என்பது அந்த நிமிடம்கூட என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மறுநாள் அவள் அப்பா வந்தார். ரயில்வேயில் கார்டு. டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார் போல, வெள்ளை யூனிஃபார்ம், கக்கத்தில் சுருட்டிய கொடிகள். வராந்தாவில் நின்றபடியே பேசினார். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. வாரத்துல மூணு நாள் என் வண்டியிலதான் அவ வருவா. கடைசிப் பெட்டிக்குப் பக்கத்துல ஏறுவா. இங்க ஸ்டேஷன்ல எறங்கி என்னைப் பார்த்துக் கை காட்டுவா. அதுக்கப்புறம்தான் நான் பச்சைக் கொடியே காட்டுவேன். என் கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன், அவ ஒரு நாள்கூட மட்டம் போடலை" என்றார். "சரி, வந்தாள்னே வெச்சுக்குவோம். கூப்பிட்டா ஏன் பதில் சொல்லலை?" என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கொடிகளை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். 

வராந்தாவின் அந்தக் கோடியில் எங்கள் கல்லூரி ஆயா மணியடிக்கக் காத்துக்கொண்டிருந்தாள். தாம்பரம் சானடோரியம் பக்கத்துக்காரி, பட்டணத்துப் பேச்சு, பட்டென்று போட்டு உடைக்கிற வாய். அவள்தான் சொன்னாள்: "இன்னாம்மா நீங்க, அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நான் மணி அடிச்சா அல்லாரும் தலைய இப்பிடித் திருப்பும். அது மட்டும் திரும்பாது. மத்ததுங்க எழுந்துக்கினாத்தான் அதுவும் எழுந்துக்கும். நானும் ஜூன் மாசத்துலேர்ந்து பாத்துகினுதானே கீறேன்!"

பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது எனக்கு. மணி அடிக்கிறவளுக்கு முதல் மாதமே தெரிந்த விஷயம், தினமும் நாலடி தூரத்தில் நின்று பாடம் நடத்தியவளுக்கு மார்ச் வரைக்கும் தெரியவில்லை. அப்பாவோ ஆடிப்போய்விட்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் போன காது. அதற்கு முன்பே பேசப் பழகியிருந்ததால் பேச்சு போகவில்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளத் தானாகப் பழகிக்கொண்டாள். வகுப்பில் பக்கத்துச் சிநேகிதி எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து, அடுத்தது தன் நம்பர் என்று எழுந்து சொல்லிக்கொண்டிருந்தாள், சிநேகிதி போனதும் அந்த அடையாளமும் போயிற்று. பாக்கெட்டில் வைக்கிற காதுப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள், அது ரயில் சத்தத்தை மட்டும்தான் பெரிதாக்கியது, தூக்கிப் போட்டுவிட்டாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க். உண்மையைச் சொல்லி இரண்டு கல்லூரிகளில் இடம் கேட்டார்கள், இரண்டிலும் முடியாது என்றுவிட்டார்கள். மூன்றாவதாக எங்கள் கல்லூரியில் உண்மையைச் சொல்லவில்லை. "பிரின்சிபாலுக்குத் தெரிஞ்சா இங்கேயும் வேணாம்னுடுவாங்க மேடம். பரீட்சை எழுதலைன்னாகூடப் பரவாயில்லை, அடுத்த வருஷம் எழுதட்டும். ஆனா வெளிய அனுப்பிடப்போறாங்க. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். யூனிஃபார்மில் இருந்த மனிதர், என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆயா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "ஐயோ சாமி, நான் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன் சார்" என்றாள்.

அடுத்த நாள் முதல் மணி. இருபத்திரண்டு வரைக்கும் வழக்கம்போல் ஓடினேன். பிறகு நிறுத்தி, தலையை நிமிர்த்தி, எதிரே பார்த்து, "ட்வென்டி ஃபோர்" என்றேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து, "பிரசன்ட் மிஸ்" என்றாள். அவ்வளவுதான். அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒரு தலையை நிமிர்த்துவது. அவள் முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம் வந்துபோனது.  தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர்ந்தேன். மீதி அறுபத்து நாலு பேரையும் அன்றைக்கு முகம் பார்த்தே கூப்பிட்டேன். பத்து நிமிடம் ஆயிற்று. இத்தனை நாள் அந்த ஏழு நிமிடத்தை மிச்சம் பிடித்து நான் என்ன கோட்டை கட்டினேன் என்று இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் போட்ட A-க்களை என்ன செய்வது? திருத்த வேண்டுமென்றால் பிரின்சிபாலுக்குக் கடிதம் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் அவர் சுருக்கொப்பம் போட வேண்டும். கடிதத்தில் காரணம் எழுத வேண்டும். காது கேட்காது என்று எழுதினால் அவள் வெளியே போய்விடலாம். எழுதாவிட்டால் பரீட்சை இல்லை. பொய் எழுதவும் எனக்குக் கை வராது, அப்படி வளர்ந்துவிட்டேன். இரண்டு நாள் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது திடீரென்று, நான் ஏன் அவள் காதைப் பற்றி எழுத வேண்டும், என் கண்ணைப் பற்றி எழுதினால் போதாதா என்று தோன்றியது. உட்கார்ந்து எழுதினேன். 'அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான் தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. அதனால் வகுப்பில் இருந்த மாணவிக்கு வரவில்லை என்று குறித்துவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது.' ஒரு வரிகூடப் பொய் இல்லை. அந்தக் கடிதம் என் ஃபைலில் ஏறும், ஜூன் மாதம் வேலையை நிரந்தரம் பண்ணுகிற கமிட்டி அதைப் படிக்கும் என்பதும் தெரியும். பயமாகத்தான் இருந்தது. வேலை போனால் என் வீட்டிலும் உலை கொதிக்காது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

பிரின்சிபால் அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருடமே இருந்த கண்டிப்பான மனுஷி.  "இத்தனை நாளா?" என்றார். "ஆமாம் மேடம்" என்றேன். "சரி, நீங்க பார்க்கலை. அந்தப் பொண்ணு ஏன் பதில் சொல்லலை?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். "நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கலை மேடம்" என்றேன். அதுவும் உண்மைதான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்க குரலா? உங்க குரல் என் ரூம் வரைக்கும் கேட்குமே" என்றார்.  என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. பழக்கப்படி இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். அந்த அரை நிமிடம் எனக்கு அரை நாள்.

ரயில் போய்ச் சத்தம் அடங்கியதும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்த கிளாஸ் ரூம் தண்டவாளத்தை ஒட்டித்தானே இருக்கு. ரயில் சத்தத்துல கேட்டிருக்காது" என்றார். பேனாவைத் திறந்தார். "ரிஜிஸ்தரைக் கொண்டாங்க." ஒவ்வொரு A-வையும் நான் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பக்கத்தில் P எழுத, அவர் ஒவ்வொன்றிலும் சுருக்கொப்பம் போட்டுக்கொண்டே வந்தார். நடுவில் கையை உதறிக்கொண்டு, "ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருந்தா என் கைக்கு இந்த வேலை இல்லையே" என்றார். நான் ரிஜிஸ்தரை அணைத்துக்கொண்டு வெளியே வரும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்த கிளாஸை மேற்குப் பக்க ரூமுக்கு மாத்திக்குங்க. நீங்க நிக்கிற இடத்துல வெளிச்சம் நல்லா முகத்துல விழற ரூமாப் பாருங்க." சரி என்று சொல்லிவிட்டு, மாடிப்படியில் பாதி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ரயில் சத்தத்துக்கும் என் முகத்தில் விழுகிற வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம்? அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாளாக அவருக்குத் தெரியும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கடைசி வரைக்கும் கேட்கவில்லை. அன்று வந்த நிம்மதியைப் போல வாழ்க்கையில் மறுபடி ஒன்றிரண்டு தடவைதான் எனக்கு வந்திருக்கிறது.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. என்ன செய்தால் உனக்குப் புரியும் என்று அவளையே கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் பயந்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஜன்னலுக்கு முன்னாடி நிக்காதீங்க மிஸ், முகம் இருட்டாயிடுது. நடந்துக்கிட்டே சொல்லாதீங்க. போர்டுல எழுதும்போது பேசாதீங்க. எழுதிட்டுத் திரும்பிச் சொல்லுங்க. புதுப் பேரெல்லாம் முதல்லயே போர்டுல எழுதிடுங்க, உதட்டைப் பார்த்து ராஜா பேரெல்லாம் கண்டுபிடிக்க முடியாது." சொல்லிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். அவ்வளவும் இலவசம். ஒரு சாக்பீஸ் கூடுதலாகச் செலவாகியிருக்கும். மேஜையை எதிர்ச் சுவர்ப் பக்கம் மாற்றினேன். காலி இடம் காலியாகவே இருக்க வேண்டும் என்ற என் சட்டத்தை நானே கிழித்துப் போட்டுவிட்டு, அழகாக எழுதுகிற ஒரு பெண்ணை அவள் பக்கத்தில் உட்கார வைத்தேன். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதலாம் என்று எல்லோருக்கும் கேட்க உரக்கச் சொன்னேன். வகுப்பு திகைத்துப் போயிற்று. ஆயாவும் சும்மா இருக்கவில்லை. மணி அடித்துவிட்டு எங்கள் அறை வாசலில் வந்து ஒரு நிமிடம் நிற்பாள். அவளைக் கண்டதும் இந்தப் பெண் புத்தகத்தை மூடுவாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

பழக்கம் லேசில் போகவில்லை. என்னை மறந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். அப்போதெல்லாம் அவள் டெஸ்க்கில் பென்சிலால் இரண்டு தட்டுத் தட்டுவாள், நான் மேஜைக்கு ஓடிவந்துவிடுவேன். பெண்களுக்கு அது பெரிய தமாஷ். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும், முடிச்சூரிலிருந்து வருகிற ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். கடைசி டெஸ்க், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவள். "மிஸ், நீங்க இப்போ சொல்லிக் குடுக்கறது எனக்கும் புரியுது மிஸ். முன்னாடியெல்லாம் எங்க ஒரு வாக்கியம் முடியுது, எங்க அடுத்தது ஆரம்பிக்குதுன்னே தெரியாது" என்றாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. எட்டு மாதம் அவளும் அங்கேதானே இருந்திருக்கிறாள். அவளுக்கு நான் P போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ரிசல்ட் வந்த அன்று காலையில் பேப்பர் வாங்கத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அந்தக் காலத்தில் பேப்பரில் பெயர் வராது, பொடி எழுத்தில் நம்பர்கள் மட்டும் வரும். அவள் பரீட்சை நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கடையில் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. கையை நீட்டிக்கொண்டு நின்றபோது பீச் ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி நகர ஆரம்பித்தது. கடைசிப் பெட்டி என்னைக் கடக்கும்போது வாசலில் அவள் அப்பா, கையில் பச்சைக் கொடி. என்னைப் பார்த்துவிட்டார். ஏதோ கத்தினார். வண்டிச் சத்தம், கூட்டத்தின் சத்தம், ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. ஆனால் அவர் உதடு ஒட்டித் திறந்ததைப் பார்த்தேன். பாஸ்! அவர் கொடியை ஆட்டிக்கொண்டே போனார், தேவைக்கு மேலேயே ஆட்டினார். நான் பிளாட்பாரத்தில் நின்று, அத்தனை பேர் பார்க்க, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். என் வேலையும் அந்த ஜூனில் நிரந்தரம் ஆயிற்று. ஃபைலில் இருந்த கடிதத்தைக் கமிட்டியில் யாரோ எடுத்துக் கேட்டார்களாம். தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுக்கிறவர் நமக்கு வேண்டும் என்று பிரின்சிபால் அம்மா சொன்னாராம்.

இருபத்து நாலாம் நம்பர் பெண் மேலே படித்தாள், ஒரு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். அவள் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. ஆனால் அந்த மார்ச்சுக்குப் பிறகு நான் அவளை நம்பர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இப்போதும் போனில் செய்தி அனுப்புவாள். எனக்குக் காது மந்தமாகிறது என்று எழுதியதற்கு அவளிடமிருந்து வந்த பதிலில் அனுதாபம் ஒன்றும் இல்லை. 'எங்க போனாலும் பேசறவங்க முகத்துல வெளிச்சம் விழற மாதிரி இடம் பார்த்து உட்காருங்க மிஸ். கேட்கலைன்னா கேட்கலைன்னு சொல்லிடுங்க. நான் அதைச் சொல்லப் பயந்ததுலதான் எல்லாம் ஆச்சு' என்று எழுதியிருந்தாள்.

அதனால் அன்றைக்குக் காது டாக்டரின் கவுன்டரில் நான் நகரவில்லை. "எனக்குக் காது கேட்காது, அதனாலதான் இங்க வந்திருக்கேன்" என்றேன். "நீ குனிஞ்சுக்கிட்டே கூப்பிட்டா எனக்கு எப்படிம்மா தெரியும்? இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் இதே தகராறுதான். கொஞ்சம் நிமிர்ந்து பாரேன்." அவள் நிமிர்ந்தாள். முதலில் முறைத்தாள். பிறகு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டாள். "சாரி மேடம், உட்காருங்க. அடுத்து உங்களைத்தான்" என்றாள். கூப்பிட்டும் வராத நம்பர்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, மேஜையிலிருந்து பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் தடியான பேனாவால் பன்னிரண்டு என்று எழுதித் தூக்கிக் காட்டினாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பதறி எழுந்து, "நான்தாம்மா, நான்தாம்மா" என்று ஓடிவந்தார். எனக்கு முன்பே அவருடைய நம்பர் போய்விட்டிருக்கிறது, பாவம், அவர் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரையே முதலில் அனுப்பச் சொல்லிவிட்டு, அவள் முகம் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். அவர் வெளியே வந்ததும் அவள் பதினேழு என்று எழுதிய தாளைத் தூக்கிப் பிடித்து, தலையை நன்றாக நிமிர்த்தி, என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து நின்று, "பிரசன்ட் மிஸ்" என்றேன்.